சாணக்யபுரியில் ஒரு ஞாயிறு

ஊரிலிருந்து உறவினர் எவரேனும் தில்லிக்கு வந்தால் நாம் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், பிர்லா மந்திர், பிறகு இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திர். இத்துடன் நம் கடமை முடிந்ததென்று எண்ணிவிடுகிறோம். மலைமந்திருக்குச் சிறிது தொலைவிலேயே இருக்கும் சாணக்யபுரிக்கு எவரும் எவரையும் அழைத்துச் செல்வதில்லை. "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பார்கள். உயர்ந்த மதில்கள், மூடிய வாயில்கள், துப்பாக்கி ஏந்திய காவலர்கள். விசாவுக்கு விண்ணப்பித்தவர்களைத் தவிர மற்றவர்க்கு அங்கே அலுவல் இல்லை என்பதே பலருடைய கருத்து.

நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற மார்கழித் திங்களில் ஒரு ஞாயிறு காலை அவ்வெண்ணம் மாறியது. அன்று அங்கே நான் கண்டதையும் கேட்டதையும் நம் குடும்பங்கள் அறிவது நலமென்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

நாடு விடுதலை பெற்றபின், 1950-களில், அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென்றே உருவாக்கப்பெற்ற பகுதி சாணக்யபுரி. அரசியல் தந்திரத்தில் வல்லவனான சாணக்கியன் பெயரை ஊருக்குச் சூட்டியவர்கள், சாலைகளுக்கு நற்குணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். சாந்தி பத், நியாய மார்க், நீதி மார்க், சத்திய மார்க், பஞ்சசீல மார்க் என்று அமைதியும் நியாயமும் வாய்மையும் அங்கே சாலைகளாக ஓடுகின்றன. சாணக்கியனுக்கு அவனுடைய கோத்திரப் பெயரிலேயே கௌடில்ய மார்க் என்று ஒரு சாலையும் உண்டு. தில்லியைச் சுற்றி ஓடும் ரிங் ரயில்வேயில் சாணக்யபுரி என்னும் பெயருடைய சிறு நிலையமும் உண்டென்பதை ரயில்வே ஊழியன் என்ற முறையில் இங்கே குறித்துவிடுகிறேன்.

அன்று காலை நான் அங்கே சென்றது தேசிய ரயில் அருங்காட்சியகத்தைக் காண்பதற்காக. 1977-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திறக்கப்பெற்ற அருங்காட்சியகம் அது. 1907-இல் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய ஒற்றைத் தண்டவாள நீராவி வண்டி அங்கே இருக்கிறது. ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் மறுபக்கத்துப் பெரிய சக்கரம் வெறுந்தரையிலும் உருண்டு செல்லும் விந்தையான வண்டி! என்னுடன் வந்தவர் என் நண்பர். வயதில் மூத்தவர், தென்காசிப் பக்கத்துக்காரர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. அவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பது வழக்கம். மாதம் ஒரு முறையேனும் அலுவல் நிமித்தம் விமானத்தில் குவாஹாத்திக்கோ மும்பைக்கோ சென்று வருபவர்.

வண்டிகளைப் பார்த்து முடித்து வெளியே வந்து, பனி விலகும் நேரத்தில் சாந்தி பத்தில் நடக்கத் தொடங்கினோம். அகன்ற சாலை, இரு மருங்கும் பசும்புல் வெளி, அதற்கப்பால் மரங்கள். சிறிது தூரம் பேசாமல் வந்த அண்ணாச்சி, திடீரென்று கேட்டார்: "தம்பி, ரயில் சீட்டை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தருகிறீர்களே, விமான மைலையும் அப்படி மாற்ற முடியுமா?"

விமான மைல் என்பதை அறியாத அன்பர்களுக்காகச் சில சொற்கள். ஒரே நிறுவனத்தின் விமானத்தில் அடிக்கடி பயணம் செய்பவரின் கணக்கில் அந்நிறுவனம் புள்ளிகளை வரவு வைக்கும். அவற்றையே மைல் என்கிறார்கள். போதிய அளவு சேர்ந்தபின் அவற்றைக் கொடுத்துச் சீட்டு வாங்கலாம். வரியும் சில கட்டணங்களும் மட்டும் பணமாகச் செலுத்த வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981-ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கிய திட்டத்திற்குப்பின் இவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. நம் ஏர் இந்தியாவில் முன்பு ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் எனப்பட்ட திட்டம் இப்போது மகாராஜா கிளப் என வழங்குகிறது. அயல்நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய கணக்கு ஒன்றிரண்டு கேட்பாரற்றுக் கிடப்பதை நான் அறிவேன்.

அண்ணாச்சியின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த துறையிலிருந்தே விடை கூறினேன். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 53-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பெயரில் வழங்கிய சீட்டில் அவரே பயணம் செய்ய வேண்டும். ஆயினும் அதிகாரம் பெற்ற ஊழியர் பெயரை மாற்றித்தர அதே பிரிவு இடமளிக்கிறது. உறுதிசெய்யப்பெற்ற சீட்டுடையவர், வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுதிக் கொடுத்தால், தந்தை, தாய், சகோதரன், சகோதரி, மகன், மகள், கணவன், மனைவி ஆகிய எண்மருள் ஒருவருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். அதுவும் ஒரு முறைதான்.

"எண்மரில் அத்தை உண்டா?" என்றார் அவர்.

"இல்லை, அண்ணாச்சி. சித்தப்பா இல்லை, மாமா இல்லை, மருமகள்கூட இல்லை."

"வளர்த்தவள் பெற்றவளாக மாட்டாளோ?" என்று தமக்குள் சொல்லிக்கொள்வதைப்போலச் சொன்னார்.

அவருக்குத் தாயில்லை. ஏழு வயதில் தாயை இழந்த அவரையும் அவர் தம்பியையும் எடுத்து வளர்த்தவர் தந்தையின் தமக்கை. இளமையிலேயே கணவனை இழந்த அந்த அம்மையார், இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்து ஆளாக்கினார். இப்போது வயது எழுபத்து நான்கு. தில்லியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு நேரம் அவரை உட்கார வைக்க அண்ணாச்சிக்கு மனமில்லை. ஆகவே, "அத்தை, விமானத்திலேயே வந்துவிடு, சீட்டு என் கணக்கில் இருக்கிறது" என்று முன்னமே தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். அவர் கணக்கில் இருந்ததோ, அலுவல் பயணங்களில் சேர்ந்த மைல்!

சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கு ஐயம் பிறந்திருக்கிறது. "உட்கார்ந்து போனவன் நான். இரவும் பகலும் அலைந்தவன் நான். சேர்ந்த மைல் என் பெயரில் இருக்கிறது. கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது உண்மைதான். அந்த உண்மையே அவரை உறுத்திக்கொண்டிருந்தது என்பதை அவர் முகம் காட்டியது.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சாந்தி பத்தைக் காட்டிலும் பொருத்தமான சாலை இவ்வுலகில் இல்லை. ஏனெனில், இதே கேள்விக்கு வெவ்வேறு விடை கண்ட நாடுகளின் வாயில்கள் அதே சாலையில் இருக்கின்றன.

ஜெர்மன் தூதரகம் அங்கே உள்ளது. 2002-ஆம் ஆண்டு கோடையில் அந்நாட்டு அரசியலையே இந்த மைல்கள் கலக்கின. நாடாளுமன்ற உறுப்பினர்கள் அலுவல் பயணங்களில் சேர்த்த மைல்களை அலுவலுக்கே பயன்படுத்த வேண்டும் என்பது அங்கே விதி. அவற்றைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியவர்கள் யார் என்று செய்தித்தாள்கள் வெளியிடத் தொடங்கின. பெர்லினில் பொருளாதாரத் துறையை ஏற்றிருந்த கிரேகோர் கீசி, முன்னர் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தபோது சேர்த்த மைல்களின் பொருட்டு, அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் பதவி துறந்தார். பசுமைக் கட்சியைச் சேர்ந்த ஜெம் ஓஸ்டெமிர், வேறொரு கடன் விவகாரமும் சேர்ந்துகொள்ள, கட்சிப் பொறுப்பை விட்டு விலகினார். இவர் துருக்கியிலிருந்து பிழைப்புத் தேடி ஜெர்மனிக்கு வந்த பெற்றோரின் மகன்; 1994-இல் நாடாளுமன்றம் புகுந்தவர். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் உயர்ந்த நிலையை அடைந்து, சில மைல்களால் சறுக்கி விழுந்தான் என்பது நம்மைப் போன்றவர்க்கு நெஞ்சில் தைக்கும் செய்தி அன்றோ! எனினும் அவர் பொதுவாழ்வுக்குத் திரும்பி, 2021-இல் மத்திய வேளாண் அமைச்சரானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே சாலையில் அமெரிக்கத் தூதரகம். எட்வர்ட் டுரெல் ஸ்டோன் என்னும் சிற்பி வகுத்த, சல்லடைபோன்ற சுவர்களையுடைய மாளிகை, 1959-இல் திறக்கப்பெற்றது. அந்நாட்டிலும் ஒரு காலத்தில் அரசு ஊழியரின் மைல் அரசுக்கே உரியதாக இருந்தது. யார் எத்தனை மைல், எது அலுவலுக்கு, எது வீட்டுக்கு என்று கணக்கு வைப்பதே பெரும்பாடாயிற்று. 2001 டிசம்பர் 28-ஆம் நாள் கையெழுத்தான சட்டம் அதை மாற்றியது. அரசுச் செலவில் பயணம் செய்து பெற்ற மைலை ஊழியர் தமக்கே வைத்துக்கொள்ளலாம் என்று அச்சட்டம் இசைவு தந்தது.

"பார்த்தீரா! அந்த வாயிலில் நான் வேலை பார்த்திருந்தால் அத்தை இந்நேரம் விமானம் ஏறியிருப்பாள்" என்று சிரித்தார் அண்ணாச்சி.

ஆனால் அவர் வேலை பார்ப்பது நம் அரசில். நம் அரசின் விடை ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2017 ஜூலை 13-ஆம் நாள் வெளியிட்ட பயணப்படி ஆணையில் அது காணப்படுகிறது. அலுவல் சீட்டில் சேரும் மைல்களை அத்துறையின் பிற அலுவல் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும். சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறை நடவடிக்கை உண்டு. அரசுப் பணத்தில் விளைந்த பயன் அரசையே சேர வேண்டும் என்பது அதன் கருத்து. இதை அண்ணாச்சி அறியாதவரல்லர். தம் துறை ஊழியர்களுக்கு அவ்வாணையைச் சுற்றுக்கு அனுப்பியவரே அவர்தாம்.

எனக்கு அப்போது நம் ஊர்ப் பழமொழி ஒன்று நினைவுக்கு வந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். பிள்ளையார் நல்லவர்தாம், உடைப்பவனின் பக்தியும் மெய்யானதுதான், தேங்காய் மட்டும் கடைக்காரனுடையது.

ஊருக்குப் பெயர் தந்த கௌடில்யனையும் எண்ணிக்கொண்டோம். அரசனுடைய பொருளை அதிகாரிகள் கையாடும் வழிகளை அவனது அர்த்தசாஸ்திரம் நாற்பது என்று வகைப்படுத்துகிறது. நெடுங்காலம் கண்ணில் படாதிருந்த அந்நூலின் ஏட்டுச்சுவடியை, தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழைக்கலை நூலகத்தில் கொண்டுவந்து கொடுக்க, ஆர். சாமசாஸ்திரி அதை ஆராய்ந்து 1909-இல் அச்சேற்றினார். கிரந்த எழுத்தில் இருந்த அச்சுவடி நம் சோழநாட்டிலிருந்து சென்றது என்பதில் நமக்குப் பெருமைதான். "நாற்பத்தோராவது வழியை நாம் கண்டுபிடிக்க வேண்டாம்" என்றேன். அண்ணாச்சி விடை சொல்லவில்லை.

பிறர்க்கு அறிவுரை கூறுவது எளிது. ஆகவே என் கதையையும் அவருக்குச் சொன்னேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் தம் சீட்டைத் தம் சகலைக்கு மாற்றித் தருமாறு என்னிடம் வந்தார். சகலை எண்மரில் ஒருவர் அல்லர் என்றேன். "சகலையும் சகோதரர்தானே! சகோதரர் என்று எழுதிக்கொள்ளும்" என்றார். மறுத்துவிட்டேன். அந்தச் சீட்டு ரத்தாயிற்று; பணத்தில் ஒரு பகுதி போயிற்று; என் வீட்டில் ஒரு வாரம் எனக்குச் சோறு மட்டுமே கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை. எண்மர் என்ற வரம்பு கல்நெஞ்சுடையதுபோலத் தோன்றலாம். வரம்பு இல்லையேல் தரகர்கள் கற்பனைப் பெயர்களில் சீட்டுகளை வாங்கிக் குவித்து, எவர் மிகுதியாகப் பணம் தருகிறாரோ அவர் பெயருக்கு மாற்றிவிடுவார்கள். சன்னலின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கே அது நன்றாகத் தெரியும்.

பேசிக்கொண்டே திக்கேந்திரஜித் மார்க்கில் உள்ள பொதிகைத் தமிழ்நாடு இல்லத்தை அடைந்தோம். சாணக்யபுரியில் தமிழ் எழுத்தைக் கண்டால் கால் தானாக நின்றுவிடுகிறது. ஒரு காபிக்குப்பின் அண்ணாச்சி தம் கைப்பேசியை எடுத்தார். அலுவல் மைலை ஒரு பக்கமாக எழுதிக்கொண்டார். "இது என்னுடையதன்று, நாளைக்கே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அடுத்த பயணத்துக்கு ஆகட்டும்" என்றார். அச்சொற்களைக் கூற அவருக்கு எளிதாக இருக்கவில்லை. அத்தைக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இருந்ததே!

அப்போதுதான் அவர் தம்பியின் நினைவு வந்தது. தம்பி சிங்கப்பூரில் தனியார் நிறுவனத்தில் பணிபுரிபவர். தம் சொந்தச் செலவில் குடும்பத்தோடு ஊருக்கு வந்துபோனதில் சேர்ந்த மைல் அவரிடம் உண்டு. அத்தை அவருக்கும் அத்தைதானே! உடனே அழைத்துப் பேசினோம். அந்தப் பேச்சில் நாங்கள் கற்றுக்கொண்டவை நம் வீடுகளுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரித்துரைக்கிறேன்.

மைலைப் பிறருக்குக் கொடுக்க மூன்று வழிகள் உண்டு. ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்கில் மைலையே மாற்றுவது முதல் வழி. எல்லா நிறுவனங்களும் இதற்கு இடம் தருவதில்லை; தருபவையும் பெரும்பாலும் கட்டணம் கேட்கின்றன, அளவும் வைக்கின்றன. குடும்பத்தார் அனைவரும் ஒரே கணக்கில் சேர்த்துவைப்பது இரண்டாம் வழி. இங்கே குடும்பம் என்பது யார் யார் என்பதை அந்தந்த நிறுவனமே வரையறுக்கிறது. நம் அத்தையும் சித்தியும் அதில் இடம் பெறாமல் போகலாம். மைலைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு மற்றவர் பெயரில் சீட்டு எடுத்துக் கொடுப்பது மூன்றாம் வழி. இதுவே எளியது. நெல்லை மூட்டையாக அனுப்புவதைவிடச் சோறாக்கிப் பரிமாறுவது நல்லதல்லவா!

தம்பி உறுப்பினராயிருந்தது சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃப்ளையர் திட்டம். அதில் ஐந்து பேர் வரை முன்னதாகப் பெயர் குறித்து வைத்து, அவர்களுக்குத் தம் மைலில் சீட்டு எடுத்துக் கொடுக்கலாம். அந்நிறுவனமும் ஏர் இந்தியாவும் ஒரே கூட்டணியைச் சேர்ந்தவையாதலால், அம்மைலைக் கொண்டு சென்னையிலிருந்து தில்லிக்கும் சீட்டுப் பெற இயலும். அம்மைலுக்கு மூன்றாண்டு ஆயுள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவருடையதில் ஒரு பகுதி சில மாதங்களில் கழியவிருந்தது! சேமித்து வைத்தால் வட்டி தரும் பணமன்று இது. வைத்திருக்க வைத்திருக்கக் கரையும் உப்பு. நிறுவனமே நின்றுபோவதும் உண்டு. 2012-இல் கிங்ஃபிஷரும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேசும் பறப்பதை நிறுத்தியதை நாம் கண்டோம். விமானம் பறக்காதபோது அதன் மைலைக் கொண்டு எங்கே போவது?

அடுத்து வந்தது பெயர்ச் சிக்கல். இது தமிழர்க்கே உரிய சிக்கல். முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்கிறார்கள். நமக்கோ குடும்பப் பெயர் என்பது இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான். தம்பியின் கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. அத்தையின் ஆதாரில் ஓரெழுத்து மட்டுமே நிற்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகளானாலும் தாளைப் பார்த்தால் உறவு தெரியாது. ஆகவே, சீட்டில் எழுதும் பெயர், பயணி கையில் கொண்டுபோகும் அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஒத்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். ஓரெழுத்தை விரித்து எழுதுவதா, அப்படியே விடுவதா என்று ஐயம் எழுந்தால், சீட்டு எடுக்குமுன் நிறுவனத்தாரைக் கேட்டுவிடுவது நன்று.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மைலை விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லும் தரகர்கள் உண்டு. விற்பதை நிறுவனங்களின் விதிகள் தடுக்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கையே மூடிவிடுவார்கள். அம்மைலில் எடுத்த சீட்டும் செல்லாமற் போகும். அன்பின் பேரில் கொடுக்கலாம், காசுக்கு விற்கலாகாது.

மாசித் திங்களில் அத்தை வந்து சேர்ந்தார். தென்காசியிலிருந்து சென்னைக்குப் பொதிகை விரைவுவண்டி. சென்னையிலிருந்து தில்லிக்குச் சின்னவர் எடுத்துக் கொடுத்த விமானம். அடுத்த ஞாயிறன்று அண்ணாச்சி அவரைச் சாந்தி பத்துக்கு அழைத்து வந்தார். நானும் உடன் சென்றேன். அப்போது சாலையோரத்தில் டூலிப் மலர்கள் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பாத்தி பாத்தியாகப் பூத்திருந்தன. பாகிஸ்தான் தூதரகத்தின் நீலக் குவிமாடங்களை நின்று பார்த்தார். "இவ்வளவு பெரிய வீடுகளில் ஆளையே காணோமே" என்று வியந்தார்.

விமானம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு, ஐயா. ஆனா வழியில ஒரு ஊரையும் பாக்க முடியலியே. ஏறினேன், இறங்கினேன். திரும்பிப் போறப்ப ரயில்லயே போறேன்" என்றார்.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். அத்தை ரயிலில் உட்கார மாட்டாள் என்று அஞ்சியதும், அதற்காகத் தமக்குரியதல்லாத பொருளைத் தொட எண்ணியதும் ஒருசேர அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அத்தையிடம் அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை.

மறுநாள் என் சன்னலுக்கு வந்து இரண்டு சீட்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அத்தைக்குக் கீழ்ப்படுக்கை, அவருக்கு எதிர்ப்படுக்கை. பத்து நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு தாமே கொண்டுபோய் விடப்போவதாகச் சொன்னார். விண்ணப்பத்தாளில் உறவுமுறை கேட்கும் கட்டம் எதுவும் இல்லை. ஆயினும் அத்தையின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் ஒரு சொல் எழுதியிருந்தார். "அம்மா" என்று இருந்தது. சட்டப்படி அதைப் பதிய எனக்கு இடமில்லை. அடிக்கவும் மனம் வரவில்லை. பெயரையும் வயதையும் மட்டும் பதிந்து, சீட்டை அச்சடித்து அவர் கையில் கொடுத்தேன்.